பென்சிலால் மட்டும்

கன்சால்பேட்டை மாநகராட்சிப் பள்ளி,
ஞாயிறு காலை, ஆறாம் வகுப்பு அறை.
பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு
வேலூரைத் தரையில் விரித்தோம்.
இருபது வருடம் கழித்து இருக்கப்போகும் வேலூர்.
மின்விசிறிக் காற்றுக்கு அது படபடத்தது.
காட்பாடி மூலையில் என் செருப்பு,
பாகாயத்தில் சாக்பீஸ் டப்பா,
சத்துவாச்சாரியில் டீ கேன்,
அரியூர்ப் பக்கம் வைக்க எதுவும் கிடைக்காமல்
ஒரு பையனை உட்காரவைத்தோம்.

‘பென்சிலால் மட்டுமே குறிக்க வேண்டும்’
சுற்றறிக்கையில் இருந்ததை மூன்று முறை படித்தேன்.
நகரமைப்புப் பிரிவில் வரைவாளன் நான்.
கோடு என் வேலை.
கருத்து இல்லை.

முதல் பத்து நிமிடம் யாரும் ஊரைப் பார்க்கவில்லை.
முட்டி போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு
அவரவர் வீட்டைத் தேடினார்கள்.
கிடைத்தவர்கள் அதன்மேல் வைத்த விரலை
எடுக்க மனமில்லாமல் இருந்தார்கள்.
பாலாறு அகலமாக, நீலமாக இருந்தது.
அதைப் பார்த்து ஒருவர் சிரித்தார்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு சண்டை.
மேம்பாலம் வேண்டும் என்றார் தனகோட்டி,
சட்டைப்பையில் பேனா, கையில் மனைப் பத்திர நகல்.
பாலம் வந்தால் கீழே கடை இருட்டாகும் என்றார் ஹயாத் பாஷா.
குரல்கள் ஜன்னலைத் தாண்டிப் போயின.
லாட்ஜ் வரவேற்பறையில் வேலை பார்க்கும் இர்ஃபானா,
நோயாளிகளிடமே வங்காளம் கற்றவள்,
வண்ண விளக்கப் பெட்டியை விரலால் தடவிக் கேட்டாள்:
“குடியிருப்பு மஞ்சள், கடை நீலம், தொழிற்சாலை ஊதா.
நிழலுக்கு இன்னா கலர் சார்?
ஊசி போட்டுக்கினு வெளியே வர்றவங்க
ரோட்டைத் தாண்டறதுக்கு முன்னாடி எங்க உட்காருவாங்க?”
“அவங்களுக்கு இந்த ஊர்ல ஓட்டா இருக்குது?” என்றது ஒரு குரல்.
“ஓட்டு இல்ல. நம்ம சோறு அவங்கதான்.”
பெட்டியில் அப்படி ஒரு நிறம் இல்லை.
பென்சிலைச் சாய்த்துப் பிடித்து
ஆஸ்பத்திரி வாசல் முழுக்க அவளே தீட்டினாள்.
தாள் சாம்பலானது.

சம்பூரணம் அதுவரை நின்றுகொண்டே இருந்தாள்.
அதிகாலை வேலை முடித்து, பச்சை மேல்சட்டையோடு.
சட்டென்று குனிந்து மஞ்சளில் கைவைத்தாள்:
“இது வீடு கட்டற எடம் இல்ல.
தண்ணி படுத்துக்கற எடம்.
போன ஐப்பசியில இங்கதான் நான் இடுப்பளவு நின்னு
அடைப்பு எடுத்தேன்.
இங்க ஒரு கால்வா கீது. உங்க படத்துல காணோம்.”

பென்சில்கள் தூரத்தில் உருண்டு கிடந்தன.
தனகோட்டியின் பையிலிருந்த பேனாவை
கேட்காமலே எடுத்தாள்.
நான் “அம்மா, பென்சில்” என்பதற்குள்
நீலம் கிளம்பிவிட்டது.
மசூதிக்குப் பின்னால் ஒரு வளைவு,
ரேஷன் கடையைச் சுற்றி இன்னொன்று.
“நேரா போடுங்களேன்,” என்றார் யாரோ.
“தண்ணிக்கு அந்தப் பழக்கம் இல்ல.”

கோடு தனகோட்டியின் இரண்டு மனைகளுக்கு நடுவில் போனது.
அவர் பத்திரத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.
“ரெண்டடி தள்ளிப் போடும்மா.”
“நான் தள்ளிப் போட்டுடுவேன். மழை?”
பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டார்.
வெளியே போய்விட்டார். முடிந்தது என்று நினைத்தேன்.
பதினோரு டீயோடு திரும்பி வந்து
மேம்பாலத்தை எங்கே இறக்குவது என்று
ஹயாத் பாஷாவிடம் மறுபடி ஆரம்பித்தார்.
மனைகளைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

மதியம் ஒரு மணிக்கு அந்தப் பையன் கேட்டான்:
“எழுந்துக்கலாமா? நான் உட்கார்ந்த எடத்துல
என்னா வரப்போவுது?”
அவன் நகர்ந்ததும் எழுத்து தெரிந்தது.
உத்தேசக் குப்பைக் கிடங்கு.
அவன் எழுத்துக்கூட்டிப் படிக்கும்வரை
எல்லோரும் டீ கிளாஸைப் பார்த்தோம்.
அடுத்த ஞாயிறும் கூடுவது என்று
அதற்குப் பிறகுதான் முடிவானது.

மாலையில் அறிக்கைப் படிவம் நிரப்பினேன்.
கலந்துகொண்டோர்: முப்பத்தொன்று.
வரைபடத்தின் நிலை: சேதம்.
விவரம்: ஒரு கோடு, நீல மை, அழிக்க இயலாது.

அழித்துப் பார்த்தீர்களா என்று
படிவத்தில் கேள்வி இல்லை.